மண்ணுக்கடியில் இருந்த காடு



தவக்காலம் முடிந்த சில நாள்களில் ஒரு பங்கின் இளைஞர் மன்றத்திலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. நாற்பது நாள்கள் தேநீரையும் திரைப்படத்தையும் துறந்து சேமித்த பணம் அவர்கள் கையில் இருக்கிறதாம். பேருந்து கடைசியாக நிற்கும் இடத்திலிருந்து இரண்டு மணி நேரம் நடந்து செல்லவேண்டிய ஒரு மலையூரில், பெர்மாகல்ச்சர் முறையில் ஒரு தோட்டம் அமைத்துக் கொடுக்க விரும்புகிறார்கள். இத்தொகைக்கு எத்தனை மரக்கன்றுகள் கிடைக்கும், எந்த நாற்றுப் பண்ணையில் வாங்கலாம் என்று கேட்டு எழுதியிருக்கிறார்கள்.

ஒரு வரியில் விடை எழுதி அனுப்பிவிடலாம். ஆனால் அவ்வாறு செய்ய மனம் ஒப்பவில்லை. இதே கேள்வியோடு ஆப்பிரிக்காவுக்குச் சென்று, கன்றுகளை நட்டு நட்டுக் களைத்துப்போன ஒரு மனிதரின் வரலாற்றை முதலில் சொல்லவேண்டும் என்று தோன்றுகிறது. அதனால் இம்மாதப் பக்கம் முழுவதும் அவ்விளைஞர்களுக்குரியதாகவே அமைகிறது. மற்றவர்களும் உடனிருந்து கேட்கலாம்.

பெர்மாகல்ச்சர் என்னும் சொல் பலருக்குப் புதிதாக இருக்கக்கூடும். நிலைத்த வேளாண்மை என்று அதைத் தமிழில் சொல்லலாம். ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியாத் தீவில் வாழ்ந்த பில் மாலிசன், டேவிட் ஹோம்கிரன் என்ற இருவர் 1978-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலின் வழியாக இச்சொல் உலகுக்கு அறிமுகமாயிற்று. காட்டை யாரும் உழுவதில்லை, யாரும் அதற்கு எருவிடுவதுமில்லை. ஆயினும் அது ஆண்டுதோறும் தழைக்கிறது. அந்த ஒழுங்கைக் கற்று, மரம், செடி, கால்நடை, நீர், வீடு ஆகியவை ஒன்றுக்கொன்று துணைசெய்யும்படி நிலத்தை அமைத்துக்கொள்வதே இம்முறையின் சாரம். மண்வெட்டியைக் கையில் எடுப்பதற்குமுன் நிலத்தை நெடுநாள் உற்றுப் பார்க்கவேண்டும் என்பது இதன் முதற்பாடம். உதவி செய்யப் புறப்படுகிறவர்கள் பெரும்பாலும் தவறவிடுவதும் இந்த முதற்பாடத்தைத்தான்.

இனி நைஜர் நாட்டுக்கு வருவோம். சகாராப் பாலைநிலத்தின் தென்விளிம்பில் உள்ள நாடு அது. கடற்கரை கிடையாது. மழை ஆண்டில் மூன்று நான்கு மாதங்களே பெய்யும். சில ஆண்டுகளில் அதுவும் பொய்த்துவிடும். அந்நாட்டின் தெற்கே மராடி என்னும் பகுதியில் ஹவுசா மொழி பேசும் உழவர்கள் கம்பும் சோளமும் தட்டைப்பயறும் பயிரிட்டு வாழ்கின்றனர். நம் பாட்டிமார் உண்ட அதே கம்புதான். 1960-களின் இறுதியில் தொடங்கிய கொடிய வறட்சி பல ஆண்டுகள் நீடித்தது. மரங்கள் அழிந்தன. தடுக்க எதுவுமற்ற வெளியில் வீசிய காற்று, முளைத்து நின்ற பயிரை மணலால் மூடியது. ஒரே பருவத்தில் மூன்று நான்கு முறை விதைக்கவேண்டிய நிலையும் உழவர்களுக்கு ஏற்பட்டது. விதைத் தானியமும் உணவுத் தானியமும் ஒரே குதிரிலிருந்துதானே வரவேண்டும்!

1980-களின் தொடக்கத்தில் டோனி ரினாடோ என்னும் ஆஸ்திரேலிய வேளாண்மையாளர் தம் மனைவியுடன் அங்கே வந்து சேர்ந்தார். நம் பிரிந்த சகோதரர்களின் மறைபரப்புச் சபை ஒன்றைச் சேர்ந்தவர் அவர். மரம் நடும் திட்டம் ஒன்றை நடத்தும் பொறுப்பு அவருக்குத் தரப்பட்டது. நாற்றங்கால் இருந்தது, வண்டி இருந்தது, வேலையாள்கள் இருந்தனர், வெளிநாட்டு நன்கொடையும் இருந்தது. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான கன்றுகளை வளர்த்து ஊர்களுக்குக் கொண்டுசென்று நட்டார்கள். வெளிநாட்டு மரங்கள் பலவற்றை முயன்று பார்த்தார்கள். அவற்றுள் நம் வேம்பும் ஒன்று. இந்தியாவிலிருந்து மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு அங்கே வேரூன்றிய மரம் அது.

நட்டவற்றுள் பெரும்பாலானவை மடிந்தன. வெயிலில் கருகியவை சில; ஆடும் மாடும் தின்றவை சில; கறையான் அரித்தவை சில; உழவர்களே பிடுங்கி எறிந்தவையும் உண்டு. பிடுங்கியவர்களைக் குறை சொல்ல எனக்கு நா எழவில்லை. அது அவர்கள் கேட்ட மரமன்று. கம்பு விளையும் நிலத்தில் யாரோ வந்து நட்டுச்சென்ற கன்றுக்கு, குடிநீரையே தொலைவிலிருந்து தலையில் சுமந்துவரும் பெண் எப்படி நீர் ஊற்றுவாள்?

1983-இல் ஒருநாள் ரினாடோ கன்றுகளை ஏற்றிக்கொண்டு மணற்பாதையில் சென்றார். மணலில் சக்கரம் புதையாமல் இருக்க டயரில் காற்றைக் குறைக்கவேண்டும். அதற்காக வண்டியை நிறுத்தினார். எத்திசையில் நோக்கினும் மரமற்ற வெறுவெளி. இன்னும் எத்தனை ஆண்டுகள், எத்தனை லட்சம் பணம், எத்தனை ஆள்கள் இருந்தால் இதை மாற்றமுடியும் என்று எண்ணி மனம் சோர்ந்தார். இறைவனிடம் வழிகாட்டும்படி வேண்டினார். அவ்வேளையில் பாதையோரத்தில் இருந்த ஒரு புதர் கண்ணில் பட்டது. நாள்தோறும் பார்த்து, பொருட்படுத்தாமல் கடந்துசென்ற புதர்தான். அருகில் சென்று இலையை நோக்கினார். நம் ஆத்தி இலையைப்போல நடுவே பிளந்த இலை. அது புதரே அன்று. வெட்டுண்ட மரத்தின் அடியிலிருந்து மீண்டும் துளிர்த்த தளிர்! கல்கோ என்று ஹவுசா மக்கள் அழைக்கும் நாட்டு மரம் அது.

அந்த வயல்வெளி முழுவதும் அத்தகைய அடிக்கட்டைகள் இலட்சக்கணக்கில் இருந்தன. மேலே மரம் போயிருந்ததேயன்றிக் கீழே வேர் சாகவில்லை. ஆழத்து ஈரத்தை எட்டிய வேர் அது. நீர் ஊற்றவேண்டிய தேவையே இல்லை. ஆண்டுதோறும் அது துளிர்த்தது. விதைப்புக்கு நிலத்தைத் துப்புரவாக்கும்போது உழவர் அதை வெட்டினர். மறுபடியும் அது துளிர்த்தது. நாற்றங்காலில் பணம் செலவிட்டு வளர்த்த காடு செத்துக்கொண்டிருக்க, யாரும் நடாத காடு ஒன்று மண்ணுக்கடியில் காத்துக்கிடந்தது.

செய்யவேண்டிய வேலையோ மிக எளிது. ஒரு கட்டையிலிருந்து இருபது முப்பது தளிர்கள் வரும். அவற்றுள் உயரமும் நேர்மையும் உள்ள சிலவற்றை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை வெட்டவேண்டும். விட்டவற்றிலும் பாதி உயரம்வரை பக்கக் கிளைகளைக் கழிக்கவேண்டும். வெட்டியவை அடுப்புக்கு விறகு; உதிர்ந்த இலை மண்ணுக்கு எரு. உழவனிடம் உள்ள அரிவாளும் கோடரியுமே இதற்குப் போதுமானவை.

எளிதென்றால் ஏன் உழவர்களே இதைச் செய்யவில்லை? இக்கேள்விதான் நம் இளைஞர்களுக்கு முக்கியமானது. அவர்களுக்கு அறிவில்லை என்று எண்ணிவிடாதீர்கள். மரம் அவர்களுடையதாக இல்லை, அதுவே காரணம். பிரெஞ்சு ஆட்சிக்காலத்தில் வந்து, விடுதலைக்குப் பின்னும் நீடித்த சட்டப்படி மரங்கள் அரசின் உடைமை. தன் வயலில் நிற்கும் மரத்தை வெட்டினால் வனக்காவலர் வந்து தண்டம் விதிப்பார். அப்படியானால் அறிவுள்ள உழவன் என்ன செய்வான்? அது மரமாவதற்கு முன்னரே புதராக இருக்கும்போதே வெட்டிவிடுவான். மேலும், துப்புரவான வயலே நல்ல வயல் என்றும், மரம் நிற்பது சோம்பேறியின் அடையாளம் என்றும் ஊரில் ஓர் எண்ணம் ஊன்றியிருந்தது. ஆகவே சிக்கல் மழையில் மட்டும் இல்லை. சட்டத்திலும், ஊராரின் நாவிலும் இருந்தது.

ரினாடோ வனத்துறையின் வட்டார அதிகாரிகளிடம் பேசினார். தாம் வளர்த்த மரத்தின் பயனை உழவர் எடுத்துக்கொள்ளத் தடைசெய்யாமலிருக்க அவர்கள் இசைந்தனர். பின்பு பத்துப் பன்னிரண்டு உழவர்கள் மட்டும் முயன்று பார்க்க முன்வந்தனர். ஊரார் அவர்களை நகைத்தனர். சிலருடைய இளமரங்களை இரவில் வெட்டித் திருடினர். திட்டம் தொடங்கிய ஓராண்டில் எழுதப்படும் அறிக்கைக்கு இவற்றில் என்ன இருக்கிறது? நிழற்படம் எடுத்து அனுப்பவும் ஒன்றுமில்லை.

1984-இல் மழை பொய்த்துப் பஞ்சம் வந்தது. பட்டினி கிடந்த மக்களுக்கு உணவு கொடுக்கும் பொறுப்பை ஏற்ற திட்டத்தார், தங்கள் வயலில் தளிர்களைக் காத்து வளர்ப்பவர்களுக்கு வேலைக்குக் கூலியாகத் தானியம் வழங்கினர். 95 ஊர்களில் ஏறத்தாழ 5 லட்சம் மரங்கள் காக்கப்பட்டன. நல்ல வெற்றி என்று யாரும் சொல்வார்கள். மழை திரும்பியது, தானியம் நின்றது. நின்றவுடன் அந்த 5 லட்சம் மரங்களுள் மூன்றில் இரண்டு பங்குக்குமேல் மக்கள் வெட்டிச் சாய்த்துவிட்டனர்!

பஞ்சத்தில் தானியம் கொடுத்தது தவறென்று நான் கூறமாட்டேன். பசித்தவனுக்கு முதலில் சோறு. ஆனால் சோற்றுக்காகக் காக்கப்பட்ட மரம், சோறு தீர்ந்ததும் சோறு போட்டவருடைய மரமாகவே மக்களுக்குத் தோன்றிற்று. இதை மறைக்காமல் தாமே எழுதிவைத்தவர் ரினாடோ. இதற்காகவே அவரிடம் எனக்குத் தனி மதிப்பு உண்டு. தோல்வியை அறிக்கையில் எழுதும் திட்ட மேலாளரை நான் அதிகம் கண்டதில்லை.

எனினும் மூன்றில் ஒரு பங்கு மரங்கள் நின்றன. நின்ற வயல்களில் காற்றின் வேகம் தணிந்தது. மணல் பயிரை மூடவில்லை. விற்க விறகு கிடைத்தது. கோடையில் ஆட்டுக்குக் காய் கிடைத்தது. கல்கோவின் பட்டையில் கயிறு திரிக்க முடிந்தது. கவோ என்றொரு மரத்தைப் பற்றி இங்கே கட்டாயம் சொல்லவேண்டும். மற்ற மரங்கள் மழையில் தழைக்க, இது மழைக்காலத்தில் இலையை உதிர்த்துவிட்டுக் கோடையில் தழைக்கும். ஆகவே கம்பு வளரும் மாதங்களில் நிழலால் அதற்குத் தீங்கில்லை. உதிர்ந்த இலையும், கோடையில் அதன் நிழலில் படுத்த மாட்டின் சாணமும் மண்ணை வளமாக்கும். அம்மரத்தடியில் கம்பு நன்கு விளைவதை அவ்வூர்ப் பெரியவர்கள் முன்பே அறிந்திருந்தனர். அவர்களிடம் எந்தத் திட்டமும் முன்னர் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை.

நகைத்தவர்கள் அண்டை வயலைப் பார்த்தார்கள். பின்பு தாங்களும் செய்தார்கள். இரவில் மரம் திருடியவர்களுக்கு ஊர்ப் பெரியவர்கள் தண்டம் வைத்தார்கள். ரினாடோ 1999-இல் நாடு திரும்பினார். அவருடைய திட்டம் கால்வைக்காத சிண்டர் பகுதிக்கும் இப்பழக்கம் பரவியிருந்தது. 2000-க்குப் பின் அவ்வழியே சென்ற கிறிஸ் ரீய் என்னும் டச்சு புவியியல் அறிஞர் வியந்து, பிற ஆய்வாளர்களுடன் சேர்ந்து, வானிலிருந்து எடுத்த பழைய படங்களையும் புதிய படங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார். நைஜரின் தெற்கில் ஏறத்தாழ 50 லட்சம் ஹெக்டேர் நிலம், அதாவது 1 கோடியே 25 லட்சம் ஏக்கர், மீண்டும் மரம் சூழ்ந்திருப்பதாக மதிப்பிட்டனர். மரங்களின் எண்ணிக்கை 20 கோடி இருக்கலாம் என்றனர். விறகு பொறுக்க நாளொன்றுக்கு இரண்டரை மணி நேரம் செலவிட்ட பெண்களுக்கு அரை மணி நேரமே போதுமானதாயிற்று என்றும் எழுதினர். மீந்த இரண்டு மணி நேரத்தின் விலையை நம் தாய்மார்கள் அறிவார்கள்.

உழவருக்கு மரத்தின்மேல் உள்ள உரிமையை ஏற்கும் அரசாணை நைஜரில் வெளிவந்தது 2020-ஆம் ஆண்டில்தான். வாய்மொழி இசைவுக்கும் அரசாணைக்கும் இடையே கிட்டத்தட்ட நாற்பது ஆண்டுகள்! இந்த உரிமைக் கேள்வியைச் சிறியதாக எண்ணிவிடக்கூடாது. அண்டை நாடான புர்கினா பாசோவில் யாகூபா சவடோகோ என்ற உழவர், கெட்டிப்பட்ட தரையில் கோடையிலேயே குழி தோண்டி எருவிட்டு, கறையானையே உழவாளாக்கி, பயிரோடு ஒரு காட்டையும் வளர்த்தார். 2018-இல் சுவீடனில் வழங்கப்படும் வாழ்வுரிமைப் பரிசு ரினாடோவுக்கும் அவருக்கும் ஒரே ஆண்டில் கிடைத்தது. ஆனால் நகரம் விரிந்து வந்தபோது, அவர் தம் கையால் வளர்த்த காட்டின் நிலத்திலேயே வீட்டுமனைகள் அளக்கப்பட்டன. அவர் 2023-இல் காலமானார். நிலம் யாருடையது, மரம் யாருடையது என்று முதல்நாள் கேட்காத திட்டத்துக்குப் பின்னாளில் என்ன நேரும் என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம்.

பெர்மாகல்ச்சர் என்ற பெயரோடே நடந்த ஒரு பணியையும் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜிம்பாப்வே நாட்டின் கிழக்கெல்லையில், மொசாம்பிக்கை ஒட்டிய மலைச்சரிவில் சிக்குக்வா என்னும் ஊர்த்தொகுதி உள்ளது. மேல்சரிவில் மரங்கள் அழிந்து, மழைநீர் மண்ணை அரித்துச்செல்ல, ஊற்றுகள் வற்றின. 1991-இல் அவ்வூரார் சிலர் கூடிப் பேசத் தொடங்கினர். அங்கே வாழ்ந்த ஜெர்மானிய ஆசிரியத் தம்பதியர் உடன்நின்றனர். தலைநகருக்கருகில் இருந்த பெர்மாகல்ச்சர் பயிற்சி நிலையத்தார் வந்து கற்பித்தனர். சமவுயரக் கோட்டில் வாய்க்கால் வெட்டி மழைநீரை நிறுத்தினர். சரிவுகளில் மரம் வளர்த்தனர். ஊற்றுக்கண்ணைச் சுற்றிக் கால்நடை வராமல் காத்தனர். ஊற்றுகள் திரும்பின. இவை எல்லாத் திட்ட ஏடுகளிலும் காணப்படுபவைதாம். ஏடுகளில் காணப்படாத ஒன்றை அவர்கள் செய்தார்கள்: ஊரில் எழும் பூசல்களைப் பேசித் தீர்க்கும் பயிற்சியையும் அதே பணியின் ஒரு பகுதியாக வைத்துக்கொண்டார்கள். ஏனெனில் வாய்க்காலுக்கு இடம் தரவேண்டியவரும், அதன் நீரைப் பெறுகிறவரும் ஒருவரல்லர். ஒருவருடைய ஆட்டை மற்றவருடைய கன்று தடுக்கிறது. இந்த வழக்கைத் தீர்க்க வழி வைக்காமல் வேலிக்கு மட்டும் பணம் ஒதுக்குவது எதற்கு?

நிற்க. கடிதம் எழுதிய இளைஞர்களுக்கு என் விடை இது. கன்று வாங்கவேண்டாம், இந்த ஆண்டு வேண்டாம். பணத்தைப் பாதுகாப்பாகப் போட்டுவையுங்கள். அதில் சிறிது எடுத்து, உங்களுள் இருவர், அவர்களுள் ஒருவர் கட்டாயம் பெண்ணாக இருக்கட்டும், அம்மலையூருக்குச் சென்று பத்து நாள்கள் தங்குங்கள். மழைக்காலத்தில் போகாதீர்கள், அப்போது எல்லா ஊரும் பசுமையாகத்தான் இருக்கும். சித்திரை, வைகாசியில் போங்கள். உணவுக்கு உரிய பணத்தை நீங்கள் தங்கும் வீட்டாரிடம் கொடுத்துவிடுங்கள். தோட்டம் பற்றிய பேச்சை முதல் மூன்று நாள்கள் எடுக்கவேண்டாம்.

தண்ணீருக்குச் செல்லும் பெண்களோடு ஒருநாள் குடத்துடன் நடந்து பாருங்கள். ஆடு மேய்க்கும் சிறுவனோடு ஒருநாள் போங்கள். எந்தக் கட்டை எப்போது துளிர்க்கும் என்று ஊர்த்தலைவரைவிட அவன் நன்கு அறிவான். இதற்குமுன் யார் வந்தார்கள், எதை நட்டார்கள், அது என்ன ஆயிற்று என்று முதியவர்களிடம் கேளுங்கள். அவர்கள் சிரித்தால், ஏன் சிரிக்கிறார்கள் என்று பணிவோடு கேளுங்கள். நிலத்துக்குப் பட்டா உண்டா, மலையில் வெட்ட வனத்துறை யாருக்கு இசைவு தருகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். நிலமே இல்லாத வீடுகள் எத்தனை என்று எண்ணுங்கள். தோட்டம் வந்தால் அவர்கள் ஆட்டை எங்கே மேய்ப்பார்கள் என்பதை அவர்களிடமே கேளுங்கள்.

திரும்பி வந்தபின் கணக்கேடு ஒன்று போடுங்கள். நன்கொடையாளர்கள் நட்ட கணக்கையே கேட்பார்கள். நீங்கள் மூன்று கோடை கடந்து பிழைத்த கணக்கை எழுதுங்கள். அந்த ஏடு மலையூராரிடமே இருக்கட்டும், அவர்களுள் ஒருவர் எழுதட்டும். வேலைக்குக் கூலி கொடுப்பதாக இருந்தால் எந்த வேலைக்கு, எத்தனை நாளுக்கு, எப்போது நிற்கும் என்பதைத் தொடக்கத்திலேயே ஊர்க்கூட்டத்தில் சொல்லிவிடுங்கள். தன் நிலத்தில் தன் மரத்தைக் காப்பவருக்குக் கூலி கொடுக்காதீர்கள். மராடியின் மூன்றில் இரண்டு பங்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

பத்து நாள்கள் முடிந்ததும், நீங்கள் கண்டவற்றை எனக்கு எழுதுங்கள். அங்கே மரமே தேவையில்லை, ஊற்றைச் சுற்றி ஒரு கல்வேலியும் இரண்டு கடப்பாரையும் போதும் என்று ஊரார் சொல்லியிருந்தாலும் எழுதுங்கள். அக்கடிதத்தை இப்பக்கத்திலேயே வெளியிடுவேன்.